பிடித்த கை, விட்ட கை

'தி லாக்ட் டூம்' தொடரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "லாஜிக் ஓட்டை" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. அவன் ஏன் அப்படிச் செய்தான், இவள் ஏன் திடீரென்று மாறினாள் என்று கேட்பதும் அவர்களே, எழுத்தாளர் மறந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுவதும் அவர்களே. இந்தப் பத்திக்கு வருகிறவர்கள் மூன்று நூல்களையும் கரைத்துக் குடித்தவர்கள். யார் செத்தார், யார் எழுந்து வந்தார் என்ற ஸ்கோர் இங்கே வேண்டாம். ஒரே ஒரு முடிவை மட்டும் பார்ப்போம்: 2020-இல் வந்த 'ஹாரோ த நைன்த்' நூலின் கடைசியில், நதியின் அடியாழத்தில், ஸ்டோமாவின் வாயருகே எடுக்கப்பட்ட முடிவு.

எடுத்தவள் மூன்றாம் வீட்டு இரட்டையரில் இளையவள். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அவளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்த குரு, பத்தாயிரம் ஆண்டு ஆண்ட சக்கரவர்த்தியைத் தன்னோடு சேர்த்து அந்த வாய்க்குள் இழுக்கிறார். இவள் கொஞ்சம் சும்மா இருந்தால் போதும், கதை முடிந்தது. இருக்கவில்லை. சக்கரவர்த்தியைக் காப்பாற்றினாள், குருவைக் கைவிட்டாள்.

ஜெயிக்கிற பக்கம் சாய்ந்துவிட்டாள் என்கிறது ஒரு தரப்பு. அடுத்த புத்தகத்துக்கு வில்லன் தேவைப்பட்டதால் எழுத்தாளர் அவள் கையைப் பிடித்து இழுத்தார் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் எனக்கு ஒப்பாது. கபடியில் ரெய்டு வருபவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால், அவன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டுப் போயிருப்பான். இவளுடைய வாயைப் பார்ப்பவர்கள் கதியும் அதுதான். எல்லோரையும் எள்ளுகிற, எதிலும் அக்கறை இல்லாததுபோல் காட்டிக்கொள்கிற அந்தப் பேச்சு வெறும் கைவீச்சு.

காலைப் பார்ப்போம். முதல் நூலில் கேனன் மாளிகையில் லிக்டர் ஆகும் வழியை முதலில் கண்டுபிடித்தவள் இவள். அதற்கு ஓர் உயிரை விழுங்கியாக வேண்டும். வாள்வீரன் ஒருவன் இருந்தான், அவனைக் கொன்று விழுங்கினாள். கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் அக்காவைக் கவனியுங்கள். தேம்பித் தேம்பி அழுகிறாள். அவன் செத்ததற்காக அல்ல, தங்கை தன்னை எடுத்துக்கொள்ளவில்லையே என்று. அக்காவிடம் பிணவித்தை துளியும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் சேர்த்து வித்தை காட்டி ஊரை ஏமாற்றியவள் தங்கை. அதாவது, தானாகவே கழுத்தை நீட்டக்கூடியவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இவள் அவளைத் தொடவில்லை.

இந்தக் கண்ணோடு மறுபடி நதிக்குள் இறங்குங்கள். சக்கரவர்த்தி விழுந்ததும் டொமினிகஸ் சூரியன் தள்ளாடத் தொடங்கியது சற்று முன்புதான் தெரியவந்தது. சூரியன் போனால் மூன்றாம் வீடு ஏது? பட்டத்துக்கு உரிய அக்கா திரும்பி வந்து ஆள என்ன மிச்சம் இருக்கும்? அவள் காப்பாற்றியது அந்த ஆளை அல்ல, அக்காவின் வீட்டுக் கூரையை. என்னைக் கேட்டால், அந்தக் காட்சியில் கணக்குப் போட்டு ஆடியவள் அவள் ஒருத்திதான்.

அப்படியென்றால் நூலில் ஏன் அது இல்லை? அந்தக் காட்சியைச் சொல்வது யார் என்று பாருங்கள். ஹாரோவின் உடம்புக்குள் இருந்துகொண்டு கிடியன் சொல்கிறாள். இளையவளைக் கண்டாலே ஆகாதவள். எதிரணி ரசிகரிடம் வர்ணனை மைக்கைக் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரியின் நோக்கம் விளங்கவில்லை என்று புலம்புகிறோம்.

இதே நூலில் இன்னொன்று. ஒரு லிக்டரின் பெயரும் பழைய வாள்வீரனின் பெயரும் 'ஓர்டஸ்' என்றே வந்தபோது, குழப்பிவிட்டார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஹாரோ தன் மூளையைத் தானே அறுத்து மாற்றியமைத்துக்கொண்டதால் 'கிடியன்' என்ற பெயர் அவள் காதில் அப்படி விழுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. அந்த சூப் விருந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரோ தன் மஜ்ஜையையே சூப்பில் கலந்து, சாப்பிட்ட அந்த லிக்டரின் வயிற்றுக்குள்ளிருந்து எலும்பை வெடிக்கவைக்கிறாள். ஹாரோவைக் கொல்ல அவர் ஓயாமல் முயன்றது யார் சொல்லி என்பதற்குப் பதில் வெகுநேரம் கழித்து, போகிறபோக்கில் வருகிறது. இந்த எழுத்தாளர் கடனை அடைப்பவர்தான். தேதி மட்டும் அவர் இஷ்டம்.

எனக்கு உண்மையிலேயே இடிப்பது அக்காதான். இளவரசி, பிறகு கிளர்ச்சிக்காரர்களோடு, பிறகு மறுபடி தங்கை பக்கம். ஒவ்வொரு தாவலுக்கும் நடுவில் ஒரு படி காணோம். அதைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை; அவள் அழகி என்பதால் தப்பித்துக்கொள்கிறாள்.

இனி வரவேண்டியது 'அலெக்டோ'. மூன்று நூலாகத் திட்டமிட்ட தொடர் இது. கடைசி நூலின் முதல் பகுதியே வளர்ந்து 2022-இல் 'நோனா'வாகத் தனியே வந்தது. நதிக்கடியில் எடுத்த முடிவுக்கான பதிலும் அதனால்தான் தள்ளிப்போயிருக்கிறது என்பது என் ஊகம். வாக்குமூல அத்தியாயம் எதிர்பார்க்காதீர்கள், வராது. இளையவள் சக்கரவர்த்தியைக் கவிழ்ப்பாள்; கொள்கைக்காக அல்ல, அவர் அக்காவின் மேல் கை வைக்கிற நாளில். அதுவும் கடைசிவரை காத்திருக்கமாட்டாள், முதல் பாதியிலேயே முடித்துவிடுவாள். ஹாரோ ரசிகர்கள் என்னைத் திட்டலாம். கிடியன் ரசிகர்கள் எப்படியும் திட்டுவார்கள்.