பங்க் இசையும் கானாவும்: எதிர்ப்பின் இரு வழிகள்

1970களில் இலண்டனில் எழுந்த பங்க் இசை, இசைத்தேர்ச்சியையும் முந்தைய ராக் மரபையும் எள்ளி ஒதுக்கியே தன் அரசியலைப் பேசியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கி, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை அவ்வகையில் அடக்குவது பொருந்தாது. அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயர்பெற்ற இக்குழு மரபைத் துறக்கவில்லை. சாவு வீட்டுக்கு உரியவை என ஒதுக்கப்பட்ட கானாவையும் பறையையும் மின்கிதாருக்கு நிகராக நிறுத்துகிறது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி குறித்த பாடல்வரிகளைவிட இந்நிறுத்தமே கூரிய எதிர்ப்பு எனலாம். பங்க் இளைஞர்கள் ஒதுக்கிய ராக் இசைக்கு மேடை குறைவின்றிக் கிடைத்திருந்தது. கானாவோ சபாக்களுக்கு வெளியே நின்றது. 2020இல் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அவ்விலக்கத்தையே நேரடியாக எதிர்கொண்டது.