வெள்ளை உடுப்பும் வெறுங்கையும்

ஏழ்மையைச் சித்திரிக்கும் படங்களைப் பார்க்க உட்காரும்போது நம்மில் பலர், "ஐயோ, பாவம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குரிய கட்டம் எப்போது வரும் என்று எதிர்பார்த்தபடியே இருந்துவிடுகிறோம். அந்த அனுதாபம் நல்ல மனத்திலிருந்து பிறப்பதே ஆயினும், தொழிலாளிக் குடும்பங்களின் ஜீவிதத்தை உள்ளது உள்ளபடி காட்ட முனைந்த படங்களை ரசிப்பதற்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். கையில் காசில்லாத ஒரு குடும்பம், எது போனாலும் இது போகக்கூடாது என்று எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கும்போதுதான் அத்தகைய படங்கள் நமக்கு வசப்படுகின்றன.

இதற்குப் பழகிக்கொள்ள மிகவும் ஏற்றது, இங்கிலாந்தின் இயக்குநர் கென் லோச் எடுத்து, 1993-இல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு பெற்ற 'ரெய்னிங் ஸ்டோன்ஸ்'. மான்செஸ்டருக்கு வடக்கே மிடில்டனில், யுத்தத்துக்குப் பின் எழுந்த லாங்லி என்னும் குடியிருப்பில் வேலையின்றித் திண்டாடும் பாப் என்பவனுக்குக் கோலீன் என்றொரு சிறு பெண். அவள் புதுநன்மை, அதாவது கத்தோலிக்கர்களின் முதல் நற்கருணை, வாங்கப்போகிறாள். அந்த நாளுக்கு அவளுக்குப் புத்தம்புதிய வெள்ளை உடுப்பு வாங்கித் தர வேண்டும் என்பது அவன் சங்கற்பம். கதை இவ்வளவே.

பங்குச் சாமியார் கருணையுள்ளவர். ஏற்கெனவே ஒருவர் அணிந்த உடுப்பே போதுமே என்று அவர் எடுத்துச் சொல்ல, பாப் மறுத்துவிடுகிறான். இந்த இடத்தில் பார்ப்பவர் மனத்தில், "சோற்றுக்கே வழியில்லாதவனுக்கு இந்த வீண் ஜம்பம் எதற்கு?" என்றொரு முணுமுணுப்பு எழத்தான் செய்யும். அதை அடக்கிவிட வேண்டாம். அதையே சற்றுப் பரிசீலிக்க வேண்டும். வசதியுள்ளவன் தன் மகளுக்குப் புதிது வாங்கினால் அதைப் பிரியம் என்று சொல்கிற நாம், இல்லாதவன் வாங்க ஆசைப்பட்டால் மட்டும் அதற்குக் கணக்குக் கேட்கிறோம். இந்தப் பாரபட்சத்தை நமக்கே உணர்த்துவதற்காகவே அந்தச் சம்பாஷணை அத்தனை சாந்தமாக அமைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் பங்குகளில் புதுநன்மை நாளன்று வெள்ளை உடையில் வரிசையாக வரும் குழந்தைகளையும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெற்றோரின் முகங்களையும் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முற்பாதியில் தாராளமாகச் சிரியுங்கள். பாபும் அவன் தோழன் டாமியும் மேய்ச்சல் வெளியில் ஓர் ஆட்டைத் துரத்தித் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டு, அதைக் கொல்ல இருவருக்குமே மனம் வராமல் திகைத்து நிற்கும் தொடக்கக் காட்சி, திருட்டுக்குக்கூடப் பழகாத கைகளை நமக்கு அறிமுகம் செய்கிறது. வேறொருவரைக் கொண்டு வெட்டுவித்த அந்தக் கறியை மதுக்கடையில் கூவி விற்கும் நேரத்தில், ஜீவனோபாயத்துக்கு எஞ்சியிருந்த பழைய வண்டியே களவு போகிறது. பிறகு சாக்கடை அடைப்பு எடுக்கிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதும், மேலெல்லாம் மலநீர் தெறிக்க நிற்பதும், எந்த வேலையும் தன் கௌரவத்துக்குக் குறைவென்று கருதாத ஒருவனின் செயல்கள். அவனுடைய மானம் வேலையின் தராதரத்தில் இல்லை, மகளின் உடுப்பில் இருக்கிறது என்பதை இந்தக் காட்சிகளின் வரிசையே சொல்லிவிடுகிறது.

நடிகர்களின் முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லோச் பெரும்பாலும் கதையின் வரிசைப்படியே படம்பிடிப்பவர். மேலே வரப்போவதை நடிகர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதவர். காமிராவையும் முகத்தருகே கொண்டுபோகாமல், பேசிக்கொண்டிருப்பவர்களை ஒதுங்கி நின்று பார்க்கும் ஒருவரைப் போல அவர் தூரத்தில் நிறுத்திவைக்கிறார். டாமியாக வரும் ரிக்கி டாம்லின்சன் சுவர்ப்பூச்சுத் தொழிலாளியாக இருந்தவர்; 1972-இல் நடந்த கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் தொடர்பில் சிறை சென்றவர்; அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்ததோ 2021-இல்தான். நன்றாக உடுத்திக்கொண்டு வரும் டாமியின் மகள் அவன் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுப் போனபின், அந்தத் தகப்பன் தனியே உட்கார்ந்து உடைந்துபோகும் காட்சியை இமைகொட்டாமல் பாருங்கள். கொடுப்பவனாக இருந்தவன் வாங்குபவனாகிவிட்ட துக்கத்தை இத்தனை சுருக்கமாகவும் தத்ரூபமாகவும் காட்டிய வேறொரு காட்சி என் நினைவில் இல்லை.

பாப் உடுப்புக்காக வாங்கிய கடன், கைமாறி ஒரு கந்துவட்டிக்காரனிடம் போய்ச் சேர்கிறது. அவன் வீட்டுக்குள் நுழைந்து பாபின் மனைவி ஆன் என்பவளையும் குழந்தையையும் மிரட்டுகையில் நாம் பயப்படுவது இயல்பே. ஆனால் இல்லாமையின் நிழல் படாமல் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்தத் தகப்பன் அத்தனை பாடுபட்டானோ, அந்தக் குழந்தையின் கண்முன்பே அது நடக்கிறது என்பதைத் தவறவிடக்கூடாது.

மிடில்டன்வாசிகளின் பேச்சு ஆங்கிலம் நன்கறிந்தவர்களுக்கும் எளிதில் பிடிபடாது. ஆகையால் திரையின் அடியில் எழுத்தோடு பார்ப்பதே உத்தமம். பார்த்து முடித்தபின், இத்தாலிய இயக்குநர் டி சிகா 1948-இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தையும் பாருங்கள். அதில் சைக்கிளை மீட்பதற்காகப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார்கள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறும் அலமாரியில் ஊராரின் விரிப்புகளெல்லாம் கூரைவரை அடுக்கியிருப்பது தெரியும்.

லோச்சின் படத்துக்குக் கதை எழுதிய ஜிம் ஆலன், கத்தோலிக்கராக வளர்ந்தவர், சுரங்கத்தில் உழைத்தவர், சோஷலிஸ்ட். பாபின் மாமனார் வாயிலாகவும் சாமியார் வாயிலாகவும் அவருடைய இரு வேறு விசுவாசங்களும் பேசுகின்றன. முடிவை இங்கே விரித்துரைப்பது முறையன்று. பாபின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டபின் சாமியார் செய்யும் ஒரு காரியம், சட்டத்தின் கண்ணில் குற்றமாகவே தோன்றும். அதைப் பற்றி உடன் பார்த்தவர்களோடு விவாதியுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் குடியிருப்பை அறிந்த ஒரு குருவானவர் வேறெதையும் செய்திருக்க முடியாது என்றே சொல்வேன்.