மண்ணை வடித்த அத்தர்

வாசனைத் திரவியங்களில் என் மனசு முதலில் போவது பூக்களிடம் அல்ல. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வெறும் மண்ணிலிருந்து வடிக்கிற மிட்டி அத்தரிடம்.

காய்ந்த களிமண்ணைச் சுட்டு, 'தேக்' என்கிற செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் குழைத்து அடைத்துவிடுகிறார்கள். அடியில் விறகும் வறட்டியும் எரியும். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற செம்புக் குடத்தில் குளிரும். குடத்துக்குள் சந்தன எண்ணெய் இருக்கிறது. வாசனையை அது வாங்கிக்கொண்டபின் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வெப்பமானி கிடையாது. குடத்தைத் தொட்டுப் பார்த்தே சூடு சரியா என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் தோல் குப்பியில் ஊற்றி வெயிலில் வைத்தால் மிச்ச ஈரமும் தோல் வழியே கசிந்து போய்விடும். கண்ணாடிப் புட்டியால் ஆகாத காரியம் இது.

முகர்ந்தால் முதல் மழை. தோள்கள் தாமாகவே தளரும். ஏன்?

ஒரு பதில் வேதியியலில் இருக்கிறது. லாவண்டரில் உள்ள லினலூல் என்ற சேர்மத்தை முகரவைத்த எலிகளின் பதற்றம் குறைந்ததை ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். மோப்பம் இழந்த எலிகளிடம் அந்த அமைதி வரவில்லை. ஆக, வேலை மூக்கு வழியேதான் நடக்கிறது.

ஆனால் மழைமண்ணின் கதை அவ்வளவு நேரானதல்ல. அந்த வாசனையில் பெரும்பங்கு மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மத்துக்கு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதே ஜியோஸ்மின் குழாய்த் தண்ணீரில் கலந்தால் முகம் சுளிக்கிறோம். குளத்து மீனில் இருந்தால் 'சேற்று வாடை' என்று தட்டை ஒதுக்குகிறோம். பீட்ரூட்டை வெறுக்கும் பிள்ளைகளின் புகாரும் இந்த மண்வாடைதான். சேர்மம் ஒன்று, மனநிலை வேறு வேறு. மூளையில் மோப்பத்தின் பாதை, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸுக்கும் மிக அருகில் ஓடுவதால், மணம் பழைய நினைவோடும் உணர்ச்சியோடும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் வெயிலில் வெந்து மழைக்கு ஏங்கியவருக்கு இந்த அத்தர் தரும் நிம்மதி, ஆண்டு முழுக்கத் தூறும் ஊர்க்காரருக்கும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. 'மன அமைதி தரும்' என்று சீட்டு ஒட்டி விற்கும் புட்டிகள் இதைச் சொல்வதில்லை.

வாங்குகிறவர்கள் எந்த எண்ணெயில் வடித்தது என்று கேட்டு வாங்குங்கள். சந்தன விலை ஏறியதால் திரவ பாரஃபினில் வடித்ததும் கடைகளில் உண்டு. அதில் மண் தனியாக, மொட்டையாக நிற்கும். சந்தனத்தில் வடித்ததில் முதலில் மண் வந்து, அது அடங்க அடங்க மரத்தின் இனிப்பு மேலே வரும். மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும்.