எதுகை பேசாத ஆசிரியர்

திரைப்பட நடிகர் ஒருவரைப் பற்றி நமது ஏட்டில் எழுதலாகுமா என வினவுவோர் இருக்கலாம். 2020 நவம்பர் 15-இல் கொல்கத்தாவில் மறைந்த சௌமித்ர சட்டர்ஜி, நடிகராக மட்டும் வாழ்ந்தவரல்லர். வானொலி அறிவிப்பாளராகப் பணியாற்றியவர்; கவிஞர்; 'எக்ஷன்' என்னும் இலக்கிய ஏட்டின் ஆசிரியர்களுள் ஒருவர்; தாகூர், ஜீவனானந்த தாஸ் கவிதைகளை ஓதி வங்கத்தார் செவியில் நிலைத்தவர். 1959-இல் 'அபூர் சன்சார்' தொடங்கி, சத்யஜித் ராயின் 14 படங்களில் நடித்தார்.

திருமறை ஓதுதல் வணக்கம். அதனோடு எதனையும் நாம் ஒப்பிடோம். எனினும் கிராஅத் பயின்றோர் அறிந்த நெறியொன்று எல்லா ஓதலுக்கும் பொருந்தும்: ஓசை, பொருளை விழுங்கிவிடலாகாது. அவ்வளவுகோல் கொண்டு அவருடைய இரு படங்களை நோக்குவோம்.

'ஹீரக் ராஜார் தேஷே' (1980) படத்தில் கொடுங்கோல் மன்னன் பள்ளியை மூடுகிறான், நூல்களை எரிக்கிறான், எதுகை வாசகங்களை மக்கள் மூளையில் பொறியால் ஏற்றுகிறான். ஏறத்தாழ அனைவரும் எதுகை நயத்தோடே பேச, சௌமித்ர ஏற்ற உதயன் என்னும் ஆசிரியர் மட்டும் இயல்பான உரைநடையில் பேசுகிறார். கவிதையால் புகழ்பெற்ற நா, அடிமைச் சந்தத்தை மறுத்து நிற்கிறது. அதனை ஆரவாரமின்றிச் செய்ததே அவர் திறம்.

தாகூர் நாவலினின்று எழுந்த 'கரே பாயிரே' (1984) இதற்கு நேர்மாறு. இதில் அவர் சந்தீப் என்னும் சுதேசிப் பேச்சாளர். அந்நியத் துணியை விலக்குக என அவன் முழங்க, மலிவுத் துணி விற்றுப் பிழைக்கும் ஏழை முஸ்லிம்களின் வயிற்றில் அடி விழுகிறது. கலவரம் மூண்டதும் அவன் ஊரைவிட்டு அகல்கிறான். நாவன்மையற்ற நிகிலேஷே அதனை எதிர்கொண்டு உயிர் துறக்கிறான். ஐம்பதை நெருங்கிய சௌமித்ரவின் தோற்றம் அவ்வேடத்திற்குச் சற்று முதிர்ந்ததே. ஆயினும் வஞ்சகனின் குரலை அவர் கரகரப்பாக்கவில்லை, இனிமையாகவே விட்டார். ஆகவே பார்ப்போரும் மயங்கி, பிறகே விழித்துக்கொள்கின்றனர்.

2012-இல் அவருக்குத் தாதாசாகெப் பால்கே விருது வழங்கப்பட்டது. எளிய வணிகப் படங்கள் பலவற்றிலும் அவர் நடித்ததை மறைக்க வேண்டுவதில்லை. நாம் போற்றுவது மேற்கூறிய இரண்டையுமே. பிள்ளைகளை மேடைப் பேச்சுக்குப் பழக்கும் பெற்றோர், குரலைத் திருத்துமுன் அக்குரல் யார் பசியை அறிந்து பேசுகிறது எனக் கேட்கவும் பழக்குவார்களாக.