அம்மானையும் விருத்தமும்

நம் ஆரம்பாக்கத்தில் ஆலைப் பணி முடித்து வரும் இளைஞர் சிலர், தாம் எழுதிய கவிதைகளை நம்மிடம் தருவதுண்டு. பொருள் நன்று. ஆயினும் எழுதியவருக்கே இரண்டாம் வரி நினைவில் நிற்பதில்லை. யாப்பு எதற்கு என அவர்கள் வினவுங்கால், நாம் வீரமாமுனிவரையே காட்டுகிறோம்.

தொன்னூல் விளக்கத்தில் (1730) யாப்பையும் அணியையும் வகுத்துரைத்தவர் அவர். எனினும் எல்லாவற்றையும் அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. சூசையப்பரைப் பாடிய தேம்பாவணி 36 படலங்களில் 3,615 விருத்தங்களாய் விரிகிறது. கித்தேரியம்மாள் வரலாற்றுக்கோ அம்மானையைத் தேர்ந்தார்.

அம்மானை, பெண்கள் காய்களை மேலெறிந்து பிடித்தாடும் ஆட்டத்திற் பிறந்தது. ஒருத்தி ஒரு செய்தி கூறுவாள்; அடுத்தவள் அதில் ஐயம் எழுப்புவாள்; மூன்றாமவள் இருபொருள்படும் விடையால் முடிப்பாள். கலம்பகத்தின் 18 உறுப்புகளுள் இதுவும் ஒன்று. கதை கூறும் நெடிய அம்மானை இதனின் வேறு. ஆயினும் அதன் எளிய ஓட்டத்தை ஏடறியாதவரும் கேட்டே மனனம் செய்யலாம்.

நம் கணிப்பில் தேம்பாவணியே பெரிது. ஆனால் உரையின்றி அது நம் இல்லங்களில் நுழையாது. மேடைகளிற் புகழ்கிறோம், வாசிப்பதில்லை. (குருக்களும் இதற்கு விலக்கல்லர்.)

புதுக்கவிதையை நாம் பழிக்கவில்லை. ஓசையைத் துறந்தவர் படிமத்தாலும் சொற்சுருக்கத்தாலும் அதனை ஈடுசெய்தாக வேண்டும். உரைநடையை ஒடித்து அடுக்குவது அதுவன்று. தாயின் கண்ணீரைப் பற்றி ஓர் இளைஞர் எழுதியதை, அத்தாயாலேயே திருப்பிச் சொல்ல இயலவில்லை. அடுத்த முறை வருகையில் தாளை மூடிவிட்டுச் சொல்லுமாறு அவரிடம் கூறியுள்ளோம்.