விலைச் சீட்டு சொல்லாத கதை

பாட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறதே என்று, சென்ற மாதம் புது ஸ்மார்ட்போன் வாங்கக் கடைக்குப் போனேன். "30,000 ரூபாய் என்று மலைக்காதீர்கள், ஸார். மாதம் 2,500, பன்னிரண்டு மாதம், வட்டியே கிடையாது" என்றான் கடைப் பையன். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கே பொறாமையாக இருந்தது. இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு நம்பும்படியாக என்னால் எழுத முடிந்ததில்லை.

ஆனால் நல்ல கதையா? வட்டியில்லாத தவணை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் பாங்கே 2013 செப்டம்பரில் பாங்குகளுக்கு எழுதியிருக்கிறது. வட்டி வேறு கட்டணமாகப் பெயர் மாறி வரும். அல்லது ரொக்கக்காரனுக்குக் கிடைக்கும் தள்ளுபடி நமக்குக் கிடைக்காமல் போகும்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். கதையின் பெரிய குறை வேறு: எத்தனை வருஷம் என்ற பேச்சே அதில் இல்லை. அந்தப் போனை இரண்டு வருஷத்தில் தூக்கிப் போட்டால் வருஷத்துக்கு 15,000 ரூபாய். ஐந்து வருஷம் வைத்திருந்தால் 6,000. உண்மையான விலையை நிர்ணயிப்பது நாம் அதை வைத்துக்கொள்ளும் காலம்தான்.

அந்தக் காலம் பெரும்பாலும் பாட்டரியோடு முடிந்துவிடுகிறது. பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததாக ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்ததாம். வாடிக்கைக்காரர்களைச் சமாதானப்படுத்த, அமெரிக்காவில் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2019 ஜனவரியில் அதன் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். புது ஐபோன் எதிர்பார்த்த அளவு விற்காததற்கு அதில் அவர் சொன்ன காரணங்களில் இந்த மலிவுப் பாட்டரியும் ஒன்று. பலருக்கு வேண்டியிருந்தது வெறும் பாட்டரிதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழசே எப்போதும் மேல் என்று நான் வாதாடவில்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பாங்கு கணக்கை வைத்துக்கொள்வது, பூட்டு தேய்ந்த பெட்டியில் நகையை வைப்பது போலத்தான். ஆகையால் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அப்டேட் எத்தனை வருஷம் வரும்? பாட்டரி மாற்ற என்ன ஆகும்?

நானும் கேட்டேன். பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி காமிராவின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தார். என் பழைய போனுக்கு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த தெருவில் பாட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். இப்போது ராத்திரி வரை தாங்குகிறது.