ஓடும் லாரியில் ஓய்வு

தேசிய பர்மிட் பெற்ற கனரக லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டுமென்ற விதியை 2018 நவம்பரில் மத்திய அரசு கைவிட்டதிலிருந்து, அதை மீண்டும் கொண்டுவந்தால் ஓட்டுநர்களின் தூக்கப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்னும் அபிப்பிராயத்தை நல்ல மனம் படைத்தவர்களிடமிருந்தே அடிக்கடி கேட்க நேர்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயமாக்கப்பட்ட பிறகு இந்த வாதத்துக்குப் புதிய தைரியம் பிறந்திருக்கிறது. குளிர்ந்த அறை, பின்னால் படுக்கை, முறை மாற்றிக்கொள்ள ஒரு தோழர். இதற்குமேல் என்ன வேண்டும் என்கிறார்கள். வண்டி நிற்க வேண்டும் என்பதே என் பதில்.

டபுள் டிரைவர் முறையின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. நள்ளிரவில் டயர் வெடித்தால் கைகொடுக்க ஆள் உண்டு. கிளீனராக ஏறிய இளைஞன் மாற்று ஓட்டுநராகித் தொழில் பயின்றதும் இந்த முறையில்தான். அமெரிக்காவில் வர்ஜீனியா தொழில்நுட்பக் கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அயர்வு இருவராக ஓட்டியவர்களைவிடத் தனியாக ஓட்டியவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. ஆனால் ஓடும் வண்டியில் கொண்ட உறக்கம் தரத்தில் தாழ்ந்தது என்றும் அதே ஆய்வு கண்டது. முன்னதை எடுத்துக்காட்டுகிறவர்கள் பின்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கைவிடப்பட்ட அந்த விதி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், மாற்று ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்துறங்கும்படி, வண்டியின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை வேண்டுமென்றது. பார்வைக்கு இது பரிவு. ஆயினும், படுத்தவர் உறங்குவார், உறங்கியவர் களைப்பு நீங்கி எழுவார் என்று சரிபார்க்காமலே எடுத்துக்கொண்ட ஊகத்தின்மேல்தான் அந்தப் பரிவு நின்றது. மன்னார்குடிப் பக்கத்தில் வைக்கோற்கட்டு ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், திருச்சி, கரூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிற லாரியின் பின்படுக்கையில் கிடப்பவரின் சரீரம் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடப்படுகிறது. ஏர்பிரேக்கின் சீறலும் எதிர் வண்டியின் ஹாரனும் ஆழ்ந்த நித்திரைக்குள் இறங்கவிடாமல் அவரை மேல்மட்டத்திலேயே நிறுத்திவைக்கின்றன. முன்னால் இருப்பவர் கண்ணயர்ந்தால் தன் உயிரும் போகும் என்பதை அறிந்தவராதலால், அவர் கண்ணை மூடினாலும் காதை மூடுவதில்லை. முறை வந்ததும், இன்னும் விழிப்புத் தெளியாத நிலையிலேயே, ஒரு டீயைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். உறக்கத்திலிருந்து எழுந்த மூளை முழுத் தெளிவு பெற அரைமணி நேரம்வரை ஆகக்கூடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிமுறை இதை விளங்கிக்கொண்டு எழுதப்பட்டது. இருவர் ஓட்டும் வண்டியில் 30 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் குறைந்தது 9 மணி நேரம் ஓய்வு கொண்டாக வேண்டும். அதைக் கேபின் படுக்கையில் கழிக்கலாம், ஆனால் வண்டி நின்றிருக்க வேண்டும். ஓடும்போது உடன் இருப்பது 45 நிமிட இடைவேளையாக மட்டுமே கணக்கில் ஏறும். நம்முடைய 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு கேட்டது. அந்நேரம் வண்டி நிற்க வேண்டுமென்று கேட்கவில்லை. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைந்த நிறுவனங்களை அது தொடவுமில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்ப்பவருக்கு அந்த ஏட்டுரிமையும் இருந்ததில்லை.

இதனினும் பெரிய அநியாயம் வண்டி நிற்கிற இடத்தில் நடக்கிறது. முனையங்களில் வெறுமனே காத்திருப்பது பதினைந்து நிமிடத்துக்கு உட்பட்டிருந்தால்தான் வேலை நேரம் என்றது அச்சட்டம். டெல்டாவில் அறுவடைக் காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களை ஏற்றிய லாரி, கிடங்கு வாசலிலோ ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலோ டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கிறது. வரிசை பத்தடி நகர்ந்தால் வண்டியும் நகர வேண்டும். நகர்த்தாவிட்டால் முறை போய்விடும். ஒருவர் ஸ்டியரிங்கிலும் மற்றவர் தார்ப்பாய்க்குக் காவலுமாக விழித்திருக்கும் அந்த நேரம் ஓய்வுக் கணக்கில் போய்விடுகிறது. 2025 அக்டோபரில் குறுவை நெல் மூட்டைகள் மழையில் நனைந்து முளைவிட்டபோது, ஈரப்பதத்தைப் பற்றியும் சாக்கைப் பற்றியும் லாரிப் பற்றாக்குறையைப் பற்றியும் ஊரெல்லாம் பேசியது. ஓடிக்கொண்டிருந்த லாரிகளை ஓட்டியவர்கள் எப்போது தூங்கினார்கள் என்ற கேள்வி எழவில்லை.

ஆகவே ஓடும்போது படுக்கலாம், உறங்க முடியாது. நிற்கும்போது உறங்கலாம், படுக்க முடியாது. இரண்டாவது ஓட்டுநர் சேர்வதால் இந்த நிலை மாறுவதில்லை. அதை அனுபவிப்பவர் இருவராகிறார்கள், அவ்வளவே. அந்தப் படுக்கை ஓட்டுநருக்காக வைக்கப்பட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. கடன் தவணை கட்ட வேண்டிய வண்டி ஒரு மணி நேரமும் நிற்காதிருக்கவே அது வைக்கப்பட்டது. டெல்டா வயல்களில் வெளி மாவட்டத்து அறுவடை இயந்திரங்களையும் இருவர் மாறி மாறித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் முறை முடிந்தவர் இறங்கி, களத்துமேட்டிலோ கோயில் மண்டபத்திலோ அசையாத தரையில் படுக்கிறார். ரயில் என்ஜின் ஓட்டுநருக்கு ரன்னிங் ரூம் உண்டு. அவரை ஓடும் என்ஜினுக்குள் படுக்கவைத்து அதை ஓய்வென்று எழுத ரயில்வே துணியாது.

சரக்கு தாமதமாகும், வாடகை ஏறும் என்ற ஆட்சேபம் வரும். ஏறட்டும், இன்றைய வாடகையின் மலிவில் ஒரு பங்கு ஓட்டுநரின் தூக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டது. நெடுந்தூரச் சரக்குக்கு வழியில் ஓட்டுநரை மாற்றி, இறங்கியவரைத் தரையில் உறங்கவிடும் அஞ்சல் முறை சாத்தியமே. டெல்டா நெல்லைப் பொறுத்தவரை இன்னும் எளிது: அதை ஏற்றிச் செல்ல ஒப்பந்தம் கொடுப்பது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், ஓர் அரசு நிறுவனம். டோக்கனில் இறக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுப்பதற்கும், கிடங்கு வாசலில் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம் கட்டுவதற்கும், வரிசையில் காத்திருந்த மணிகளுக்குப் படி தர வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்ப்பதற்கும் டெல்லியில் எந்த விதியும் திருத்தப்பட வேண்டியதில்லை. அடுத்த சம்பா கொள்முதலுக்கு முன்பே செய்துவிடலாம்.